தடுப்பிலிருக்கும் தம்பியை வெளியே எடுக்க எங்கே தொடங்குவது?

லண்டனின் புறநகர் ஒன்றில் கணவருடனும் இரண்டு பிள்ளைகளுடனும் வாழும் ஒரு வாசகி தன் தம்பிக்காக எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

தம்பிக்கு 36 வயது. வன்னியைச் சேர்ந்தவர். 2009இல் போர் முடிந்த கையோடு இராணுவத்தினரால் பிடிக்கப்பட்டுப் பல மாதங்கள் தடுத்து வைக்கப்பட்டிருந்தார். 2016இல் பிரித்தானியாவுக்கு வந்து தஞ்சம் கோரினார். கோரிக்கை நிராகரிக்கப்பட்டது; 2018இல் மேன்முறையீடும் தோற்றது. அன்றிலிருந்து இரண்டு கிழமைக்கு ஒருமுறை உள்துறை அமைச்சின் நிலையத்தில் கையெழுத்து வைக்கப் போய்வந்திருக்கிறார். இடையில் ஒருமுறை வீடு மாறியதை உள்துறை அமைச்சுக்கு அறிவிக்கவில்லை. காய்ச்சலில் கிடந்தபோது இரண்டு தடவை கையெழுத்து வைக்கப் போகவில்லை. மூன்று கிழமைகளுக்கு முன் வழக்கம்போலக் கையெழுத்து வைக்கப் போனவரை அங்கேயே மறித்து, ஹீத்ரோ விமான நிலையத்தை ஒட்டியுள்ள தடுப்பு நிலையத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இலங்கைக்குத் திருப்பி அனுப்புவதற்கான விமான டிக்கெட் எதுவும் இன்னும் போடப்படவில்லை. உடலில் தழும்புகள் இருக்கின்றன. ஆனால் உள்ளே கொண்டுபோன இரவில் தாதி கேட்டபோது, “ஒன்றுமில்லை, சுகமாக இருக்கிறேன்” என்று சொல்லிவிட்டாராம்.

வாசகியின் கேள்விகள் இவை. பிணைக்கு எவ்வளவு பணம் கட்ட வேண்டும்? பிணை கேட்டால் கோபத்தில் டிக்கெட்டைச் சீக்கிரம் போட்டுவிடுவார்களா? ஒருமுறை மறுத்துவிட்டால் அதோடு கதை முடிந்ததா? தானாகத் திரும்பிப் போவதாகக் கையெழுத்திட்டால் உடனே வெளியே விடுவார்கள் என்று உள்ளே யாரோ சொன்னது உண்மையா? 4,000 பவுண் தந்தால் ஒரு கிழமைக்குள் எடுத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார், கொடுக்கலாமா? தங்கள் வீட்டு முகவரியைக் கொடுத்தால் தங்களுக்கு ஏதும் சிக்கல் வருமோ என்று கணவர் தயங்குவதையும் எழுதியிருக்கிறார்.

சகோதரி, உங்கள் கடிதத்தில் நீங்கள் இரண்டாம் பட்சமாக, ஒரு வரியில் சொல்லிப் போன விடயத்தைத்தான் நான் முதலில் எடுக்கப்போகிறேன். பணம், முகவரி, பிணை எல்லாவற்றுக்கும் முன்னே நிற்பது அந்தத் தழும்புகள்.

தாதியிடம் சொல்லாமல் விட்டது

தடுப்பு நிலையத்துக்குள் வரும் ஒவ்வொருவரையும், அவர் சம்மதித்தால், 24 மணி நேரத்துக்குள் மருத்துவர் ஒருவர் பரிசோதிக்க வேண்டும் என்று 2001ஆம் ஆண்டுத் தடுப்பு நிலைய விதிகளின் 34ஆம் விதி சொல்கிறது. அதற்கு அடுத்த 35ஆம் விதி இன்னும் முக்கியமானது. தொடர்ந்து தடுத்து வைத்தால் ஒருவரின் உடல்நலமோ மனநலமோ கெடும் என்று மருத்துவர் கருதினாலும், அவர் தற்கொலை எண்ணத்தோடு இருப்பதாகச் சந்தேகித்தாலும், அவர் சித்திரவதைக்கு உள்ளானவராக இருக்கலாம் என்ற கவலை எழுந்தாலும் அதை அறிக்கையாக எழுதி அனுப்புவது மருத்துவரின் கடமை. அந்த அறிக்கை கிடைத்ததும் உள்துறை அமைச்சு அவரைத் தொடர்ந்து தடுத்து வைக்கலாமா என்று மறுபடி பார்த்து, எழுத்தில் பதில் தர வேண்டும். 2016ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் கீழ் வந்த, ஆபத்துக்கு உட்படக்கூடியோருக்கான கொள்கையில் மூன்று படிகள் உண்டு. தானே வாயால் சொன்னால் முதற்படி. மருத்துவர் போன்ற ஒருவரின் சான்று இருந்தால் இரண்டாம் படி. தடுப்பே அவருக்குத் தீங்கு செய்யும் என்று அந்தச் சான்று சொன்னால் மூன்றாம் படி. படி உயர உயர, அவரை உள்ளே வைத்திருப்பதற்கு அமைச்சு காட்ட வேண்டிய காரணமும் கனமாக இருக்க வேண்டும்.

உங்கள் தம்பி இப்போது எந்தப் படியிலும் இல்லை. அவருடைய கோப்பில் “சுகமாக இருக்கிறார்” என்று மட்டும்தான் எழுதியிருக்கும். நடு இரவில், களைத்துப்போய், சீருடை அணிந்தவர்கள் நடுவில் நிற்கும் ஒருவர், 2009இல் தனக்கு நடந்ததை முன்பின் தெரியாத தாதியிடம் சில நிமிடங்களில் சொல்லிவிடுவார் என்று எதிர்பார்ப்பது மனித இயல்பை அறியாத எதிர்பார்ப்பு. அன்று சொல்லவில்லை என்பதற்காகக் கதவு மூடிவிடவில்லை. எந்த நாளிலும் அவர் மருத்துவப் பிரிவுக்குப் போய், “நான் சித்திரவதை செய்யப்பட்டவன், 35ஆம் விதியின்படி மருத்துவரைப் பார்க்க வேண்டும், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்” என்று கேட்கலாம். அவர் அதை எழுதியும் கொடுத்து, ஒரு பிரதியைத் தன்னிடம் வைத்துக்கொள்ள வேண்டும். பெண் மருத்துவரிடமோ ஆண் மருத்துவரிடமோதான் பேசமுடியும் என்றால் அதையும் கேட்கலாம்.

கேட்டவுடன் எல்லாம் ஒழுங்காக நடந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். கட்விக் விமான நிலையத்தை ஒட்டிய புரூக் ஹவுஸ் தடுப்பு நிலையத்தில் 2017இல் நடந்த கொடுமைகளை விசாரித்து 2023 செப்டெம்பரில் வெளியான பொது விசாரணை அறிக்கை, ஐந்து மாத காலத்துக்குள் மனிதாபிமானமற்ற அல்லது இழிவான நடத்தை என்று கருதத்தக்க 19 சம்பவங்களைக் கண்டது. இந்த 34ஆம், 35ஆம் விதிகள் அங்கு சரிவர இயங்கவில்லை என்றும் சொன்னது. ஆகவே சந்திப்பு தள்ளிப்போனால் அவரும் அவருடைய சட்டத்தரணியும் விடாமல் எழுத்தில் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அப்படிக் கேட்ட கடிதங்களே பின்னால் நீதிபதி முன் சான்றாக நிற்கும்.

தழும்பு வழக்குகளில் நம்மவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய தீர்ப்பு ஒன்று உண்டு. முதுகிலும் கையிலும் சூட்டுத் தழும்புகளோடு வந்த ஓர் இலங்கைத் தமிழரை, இரக்கத்தைப் பெறுவதற்காக வேறொருவரைக் கொண்டு தானே சூடு போட்டுக்கொண்டிருக்கலாம் என்ற ஐயத்தில் கீழ்த் தீர்ப்பாயம் நம்ப மறுத்தது. 2019 மார்ச்சில் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் அந்த முடிவை ஒதுக்கி வழக்கைத் திருப்பி அனுப்பியது. தழும்பு எப்படி உண்டானது என்று அவர் சொல்லும் கதையோடு அது எவ்வளவு பொருந்துகிறது என்பதைப் பற்றி மருத்துவ நிபுணர் கருத்துச் சொல்லலாம், தழும்புக்கான காரணத்தோடு அவர் நின்றுவிட வேண்டியதில்லை என்று அங்கே தெளிவாக்கப்பட்டது. உங்கள் தம்பியின் 2018 மேன்முறையீட்டில் மருத்துவ அறிக்கை எதுவும் இருக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அதைப் பெறுவது தடுப்பிலிருந்து வெளியே வர மட்டுமல்ல, தஞ்சக் கோரிக்கையைப் புதிதாகச் சமர்ப்பிக்கவும் உதவும்.

பிணை என்பது எதைப் பற்றியது

இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். பிணையைப் பற்றி நம்மிடையே உலவும் தவறான எண்ணங்களில் பெரும்பாலானவை குற்ற வழக்குப் பிணையை மனத்தில் வைத்து வந்தவை. உங்கள் தம்பி குற்றம் செய்ததற்காக உள்ளே இல்லை. அவரை நாட்டிலிருந்து அனுப்புவதற்காகவே வைத்திருப்பதாக அமைச்சு சொல்கிறது. ஆகவே நீதிபதி முதலில் பார்க்கப்போவது, அவரை வெளியே விட்டால் தொடர்பில் இருப்பாரா, அழைக்கும்போது வருவாரா என்பதை. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10ஆம் அட்டவணை, நீதிபதி கவனிக்க வேண்டியவற்றைப் பட்டியலிடுகிறது: நிபந்தனைகளை மீறும் சாத்தியம், குற்றத் தண்டனைகள், வெளியே வந்தால் குற்றம் செய்யும் சாத்தியம், பொதுச் சுகாதாரம் மற்றும் பொது ஒழுங்குக்கான ஆபத்து, அவருடைய அல்லது பிறருடைய பாதுகாப்பு, குடிவரவு நடைமுறைகளுக்கு நியாயமான காரணமின்றி ஒத்துழைக்காமல் இருந்தாரா என்பது. தஞ்சக் கோரிக்கை உண்மையா பொய்யா என்று அன்றைக்கு யாரும் தீர்மானிக்கப்போவதில்லை. அந்த முழுக் கதையையும் நீதிபதியிடம் சொல்லிவிட வேண்டும் என்று அவர் துடித்தால், வழக்கு ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது என்று காட்டும் அளவுக்குச் சொன்னால் போதும் என்று சொல்லுங்கள்.

பிணை கேட்க இரண்டு வாசல்கள் இருக்கின்றன. உள்துறை அமைச்சிடமே 401 எனும் படிவத்தில் கேட்கலாம்; இதற்கு விசாரணை கிடையாது, தடுத்து வைத்தவர்களே முடிவு செய்வார்கள். அது மறுக்கப்பட்டாலும் அடுத்த வாசலுக்குத் தடையில்லை. அடுத்தது முதல்நிலைத் தீர்ப்பாயத்தின் குடிவரவு, தஞ்சப் பிரிவு. அங்கே பி1 படிவத்தில் விண்ணப்பித்தால் சுதந்திரமான நீதிபதி ஒருவர், பெரும்பாலும் காணொளி வழியாக, விசாரிப்பார். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. நாட்டுக்குள் புதிதாக வந்தவர்கள் 8 நாட்கள் காத்திருக்க வேண்டும் என்ற விதி பல ஆண்டுகளாக இங்கே இருக்கும் உங்கள் தம்பிக்குப் பொருந்தாது. படிவத்தில் மொழிபெயர்ப்பாளர் தேவையா என்று கேட்கும் இடத்தில் வெறுமனே தமிழ் என்று எழுதாமல் இலங்கைத் தமிழ் என்று எழுதச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளரைத் தீர்ப்பாயமே இலவசமாகத் தரும்.

ஏன் பிணை கொடுக்கக்கூடாது என்று அமைச்சு தன் பக்கக் காரணங்களை எழுதி, பொதுவாக விசாரணைக்கு முதல்நாள் பிற்பகல் 2 மணிக்குள் தர வேண்டும். அந்த அறிக்கை கைக்கு வந்த பிறகு கிடைக்கும் அந்தச் சில மணி நேரம் பொன்னானது. அதில் பிழைகள் இருப்பது வழக்கம். போகாத நாளென்று எழுதியிருப்பார்கள், போயிருப்பார். முகவரி தரவில்லை என்று எழுதியிருப்பார்கள், தந்திருப்பார். வரி வரியாக வாசித்து, எது சரி, எது தவறு என்று அவர் குறித்துவைக்க வேண்டும்.

உங்கள் தம்பிக்கு எதிராகச் சொல்லப்படப்போவது இரண்டு: அறிவிக்காமல் வீடு மாறியது, இரண்டு தடவை கையெழுத்து வைக்காதது. அவற்றை மறைக்க வேண்டாம், மழுப்பவும் வேண்டாம். காய்ச்சல் நாட்களில் குடும்ப மருத்துவரிடம் போயிருந்தால் அந்தப் பதிவு, மருந்துச் சீட்டு, அன்று கையெழுத்து நிலையத்துக்குத் தொலைபேசியில் அழைத்திருந்தால் அந்த அழைப்புப் பதிவு ஆகியவற்றைத் தேடி எடுங்கள். அவர் இடையில் தங்கியிருந்த உறவினர், எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை தன் வீட்டில் இருந்தார் என்று ஒரு கடிதம் தரட்டும். மறுபக்கத்தில் அவருக்குச் சாதகமாக நிற்பது மிகப் பெரியது. 2018இல் வழக்குத் தோற்ற பிறகும், தன்னை எந்த நாளும் மறிக்கலாம் என்று தெரிந்தும், இத்தனை ஆண்டுகள் இரண்டு கிழமைக்கு ஒருமுறை அவர் தானாகப் போய் நின்றிருக்கிறார். அவரைப் பிடித்ததும் ஒளிந்திருந்த இடத்தில் அல்ல, வரச் சொன்ன நாளில், வரச் சொன்ன இடத்தில். தலைமறைவாகிவிடுவார் என்று சொல்பவர்களுக்கு இதைவிட நேரான பதில் கிடையாது. அவருடைய கையெழுத்துப் பதிவு முழுவதையும் சட்டத்தரணி மூலம் கேட்டுப் பெறுங்கள்.

எவ்வளவு பணம்?

பிணைக்காக நீங்கள் இப்போது எந்தப் பணமும் கட்ட வேண்டியதில்லை. அவர் நிபந்தனையை மீறினால் இன்ன தொகையைத் தருவேன் என்று நீங்கள் வாக்குக் கொடுக்கிறீர்கள். அவர் ஒழுங்காக நடந்தால் ஒரு பென்சும் போகாது. தொகைக்கு நிர்ணயமான அளவு இல்லை. அதிகம் சொன்னால் பிணை கிடைக்கும் என்பதும் இல்லை. உங்கள் வருமானத்துக்கு ஏற்றதாகவும், போனால் உங்களுக்கு உண்மையாகவே வலிப்பதாகவும் இருக்க வேண்டும், அவ்வளவுதான். விசாரணைக்கு முந்திய கிழமை யாரிடமோ கடன் வாங்கி உங்கள் கணக்கில் 5,000 பவுண் போட்டுக் காட்டுவது உதவாது. கடைசி மூன்று மாத வங்கிக் கூற்றைப் பார்க்கும் நீதிபதிக்கு அந்த வரி உடனே கண்ணில் படும், அதோடு உங்கள் மீதான நம்பிக்கையும் போகும். சேமிப்பில் உள்ள 800 பவுணை உள்ளபடி சொல்வது அதைவிட மேல்.

பிணையாளியாக நிற்பவரிடம் நீதிபதி கேட்பதைக் கொஞ்சம் முன்கூட்டியே யோசித்துவையுங்கள். தம்பியை எத்தனை தடவை போய்ப் பார்த்தீர்கள்? அவருக்கு எந்த அறையைக் கொடுப்பீர்கள்? கையெழுத்து வைக்கும் நாளன்று அவர் போனாரா என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? போகாவிட்டால் என்ன செய்வீர்கள்? “அமைச்சுக்கு அறிவிப்பேன்” என்பதுதான் பிணையாளியின் பதிலாக இருக்க வேண்டும்; அதை மனதாரச் சொல்ல முடியாவிட்டால் பிணையாளியாக நிற்க வேண்டாம். உங்கள் கடவுச்சீட்டு, சம்பளச் சீட்டுகள், வங்கிக் கூற்று, வாடகை ஒப்பந்தம், மின்சாரம் அல்லது நகரசபை வரிப் பட்டியல் ஆகியவை வேண்டும். நீங்கள் வாடகை வீட்டில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் அங்கே தங்குவதற்கு வீட்டுக்காரரின் சம்மதக் கடிதத்தை இப்போதே வாங்குங்கள். கடைசி நேரத்தில் பல விண்ணப்பங்கள் தடுமாறுவது இந்த ஒரு தாளுக்காகத்தான்.

கணவரின் தயக்கம் நியாயமானது, ஆனால் அந்தப் பயம் தேவையற்றது. நீங்கள் இருவரும் பிரித்தானியக் குடிமக்கள். முகவரி கொடுப்பதாலோ பிணையாளியாக நிற்பதாலோ உங்கள் குடியுரிமைக்கு எதுவும் ஆகாது. அவர் அங்கேதான் இருக்கிறாரா என்று அதிகாரிகள் வந்து பார்க்கக்கூடும். தம்பி தலைமறைவானால் வாக்களித்த தொகையைக் கேட்பார்கள். நீங்கள் எடுக்கும் பொறுப்பு அவ்வளவுதான்.

பிணை கேட்டால் டிக்கெட் போடுவார்களா?

டிக்கெட் போடுவது அமைச்சின் தயார்நிலையைப் பொறுத்தது, பிணை விண்ணப்பத்தைப் பொறுத்தது அல்ல. செல்லுபடியான கடவுச்சீட்டு அவர்களிடம் இருந்தால் விரைவாகப் போடலாம். இல்லாவிட்டால் இலங்கைத் தூதரகத்திடம் அவசரப் பயணப் பத்திரம் பெற வேண்டும். அதற்கான நேர்காணலுக்கு அழைத்தால் என்ன செய்வது என்பதைச் சட்டத்தரணியிடம் கேட்காமல் அவர் முடிவு செய்யக்கூடாது. மறுத்தால் ஒத்துழைக்கவில்லை என்று பதிவாகும். போனால் தஞ்சம் கோரியவர் தன் நாட்டு அதிகாரிகளுக்கு முன் போய் நிற்கிறார். இரண்டிலும் விளைவு உண்டு.

ஆனால் காலம் முக்கியமானது என்பது உண்மை. பிணை பற்றி முடிவெடுக்கும் நாளிலிருந்து 14 நாட்களுக்குள் அவரை அனுப்ப உத்தரவு இருந்தால், அமைச்சின் சம்மதமில்லாமல் தீர்ப்பாயம் அவரை விடுவிக்க முடியாது. ஆகவே பயந்து காத்திருப்பதுதான் ஆபத்து. வெளியேற்றுவதற்கு முன் குறைந்தது 5 வேலைநாள் அறிவித்தல் தரவேண்டும் என்று 2022ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது; அந்த அறிவித்தல் கையில் கிடைத்த அன்றே சட்டத்தரணிக்குத் தெரியவேண்டும். அந்தக் கட்டத்தில் வேலை பிணை வாசலில் இல்லை, தஞ்சக் கோரிக்கையைப் புதிய சான்றுகளோடு மறுபடி வைக்கும் புதிய சமர்ப்பணத்திலும் உயர் நீதிமன்றத்திலும்தான் இருக்கும்.

மறுத்தால் கதை முடிந்ததா?

முடிவதில்லை. மறுத்தால் நீதிபதி காரணத்தை எழுத்தில் தரவேண்டும். அதன்பின் 28 நாட்களுக்குள் மறுபடி விண்ணப்பித்தால், நிலைமையில் குறிப்பிடத்தக்க மாற்றம் இருந்தாலொழிய, விசாரணையின்றியே தள்ளிவிடுவார்கள். 35ஆம் விதியின் கீழ் வரும் மருத்துவ அறிக்கை அப்படியொரு மாற்றமாக அமையலாம். இதனால்தான் அரைகுறையாக அவசரப்பட்டுப் போடாமல், முகவரியும் பிணையாளியும் முடிந்தால் மருத்துவ அறிக்கையும் கையில் இருக்கும்போது போடச் சொல்கிறேன். விசாரணை நெருங்கும் நேரத்தில் முக்கியமான தாள் வந்து சேரவில்லை, முடிவு பாதகமாகப் போகும் என்று தெரிந்தால், முடிவு வருவதற்கு முன்பே விண்ணப்பத்தை மீளப்பெறலாம். அப்போது அந்த 28 நாள் தடை வராது. 28 நாள் கழிந்தால் புதுக் காரணம் எதுவும் இல்லாமலே மறுபடி கேட்கலாம். காலமே ஒரு காரணமாகும்: பிணை நீதிபதிகளுக்கான வழிகாட்டல், மூன்று மாதத் தடுப்பைக் கணிசமான காலமாகவும் ஆறு மாதத்தை நீண்ட காலமாகவும் பார்க்கிறது. அவரே விண்ணப்பிக்காவிட்டாலும் நான்கு மாதம் ஆனதும் அமைச்சு அவருடைய வழக்கைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். குற்றத் தண்டனையால் நாடுகடத்தலுக்கு உள்ளானவர்களுக்கு அந்த ஏற்பாடு இல்லை. உங்கள் தம்பிக்கு உண்டு.

பிணை விசாரணை, தடுத்து வைத்தது சட்டப்படி சரியா என்று தீர்ப்பளிப்பதில்லை. அதற்கு உயர் நீதிமன்றத்தில் நீதிமுறை மீளாய்வு கேட்க வேண்டும். பிரித்தானியாவில் பெரியவர்களுக்குக் குடிவரவுத் தடுப்பில் பொதுவான கால எல்லை கிடையாது. கர்ப்பிணிகளுக்கு 72 மணி நேரம், அமைச்சர் அனுமதித்தால் ஒரு கிழமை என்பது போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. கால எல்லை இல்லாத இடத்தில் ஓர் அளவுகோலைத் தந்தது ஹர்தியால் சிங் என்ற இந்தியரின் வழக்கு. தண்டனைக் காலம் முடிந்த பிறகும் நாடுகடத்தலுக்காக மாதக்கணக்கில் உள்ளே வைக்கப்பட்டிருந்த அவருடைய மனுவில், 1983இல் நீதிபதி வுல்ஃப் சொன்னவையே இன்றுவரை அடிப்படையாக இருக்கின்றன: அனுப்பும் நோக்கத்துக்காக மட்டுமே தடுக்கலாம், நியாயமான காலம் வரைதான் தடுக்கலாம், அந்தக் காலத்துக்குள் அனுப்ப முடியாது என்று தெரிந்தால் தடுக்கக்கூடாது, அமைச்சு சுறுசுறுப்பாக வேலை செய்ய வேண்டும். எது நியாயமான காலம் என்பதில் அமைச்சரின் கருத்துக்கு 2023ஆம் ஆண்டுச் சட்டம் கூடுதல் இடம் கொடுத்துவிட்டது. அது எனக்கு மிகுந்த கவலை தரும் மாற்றம். ஆனாலும் இந்த வழி மூடப்படவில்லை. சட்டவிரோதமாகத் தடுத்ததென்று தீர்ந்தால் நட்டஈடும் உண்டு. மூன்று கிழமையில் இந்த வழக்கைத் தொடங்குவது பொதுவாக முந்திப்போவதாகும். ஆனால் சித்திரவதை பற்றிய மருத்துவ அறிக்கை வந்த பிறகும் விடாமல் வைத்திருந்தால் காத்திருக்க வேண்டியதில்லை.

கையெழுத்திட்டால் விட்டுவிடுவார்களா?

தானாகத் திரும்புவதாகக் கையெழுத்திடுபவரை வீட்டுக்கு அனுப்பிவைப்பார்கள் என்று எண்ணுவது தவறு. பெரும்பாலும் தடுப்பிலிருந்தே விமானத்துக்குக் கொண்டுபோவார்கள். அந்தத் தாளில், நடந்துகொண்டிருக்கும் கோரிக்கைகளையும் சமர்ப்பணங்களையும் கைவிடுவதாகவும் இருக்கும். திரும்பிப் போவதே தனக்கு நல்லது என்று ஒருவர் நிதானமாக முடிவு செய்தால் அதை நான் மதிப்பேன். தன் செலவில் போனவருக்கு மீண்டும் வர விண்ணப்பிக்க ஓராண்டுத் தடையும், பலவந்தமாக அனுப்பப்பட்டவருக்கு 10 ஆண்டுத் தடையும் இருப்பதால் அந்த முடிவுக்கும் தர்க்கம் உண்டு. ஆனால் 2009இல் பிடிக்கப்பட்டு, உடலில் தழும்புகளோடு இருக்கும் ஒருவர், மருத்துவ அறிக்கையும் சட்ட ஆலோசனையும் பெறாமல், உள்ளே இருக்க முடியவில்லை என்ற ஒரே காரணத்துக்காக அந்தத் தாளில் கையெழுத்து வைப்பதை நீங்கள் தடுக்க வேண்டும். இன்று இரவே பேசுங்கள்.

புதிய சமர்ப்பணம் பற்றி ஒரு வார்த்தை. மாவீரர் நாளிலும் நாடாளுமன்றத்துக்கு முன் நடந்த போராட்டங்களிலும் எடுத்த படங்கள் இருக்கின்றன, அவை போதும் என்று எழுதியிருக்கிறீர்கள். இலங்கைத் தமிழர் வழக்குகளுக்கு 2021இல் மேல்நிலைத் தீர்ப்பாயம் தந்த வழிகாட்டல் தீர்ப்பு, புலம்பெயர் நாட்டில் பிரிவினைச் செயற்பாட்டில் குறிப்பிடத்தக்க பங்கு உள்ளவராக, அல்லது அப்படி இருப்பதாக இலங்கை அரசு கருதக்கூடியவராக இருந்தால் ஆபத்து உண்டு என்கிறது. கூட்டத்தில் நின்ற படம் மட்டும் பொதுவாக அந்த அளவுக்கு வராது. என்ன பொறுப்பில் இருந்தார், எத்தனை காலம், எந்த அமைப்போடு, சமூக வலைத்தளங்களில் என்ன எழுதினார், 2009 தடுப்பின் பதிவு அதோடு எப்படிச் சேர்கிறது என்று முழுமையாக வைக்க வேண்டும்.

அந்த 4,000 பவுண்

கொடுக்காதீர்கள். ஒரு கிழமைக்குள் எடுத்துத் தருவேன் என்று எந்த உண்மையான சட்டத்தரணியும் வாக்குறுதி தர முடியாது; முடிவு நீதிபதியின் கையில் இருக்கிறது. குடிவரவு ஆலோசனை சொல்பவர் சட்டத்தரணியாகவோ, குடிவரவு ஆலோசனை அதிகார சபையில் பதிவு செய்தவராகவோ இருக்க வேண்டும். 2025 ஜனவரி வரை ஓ.ஐ.எஸ்.சி. என்று அழைக்கப்பட்டது இந்தச் சபைதான். அதன் பதிவேட்டை இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். பதிவில்லாமல் ஆலோசனை சொல்வது 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம். நமது ஊர்க்காரர், கோவிலில் பழக்கம், முன்பு இரண்டு பேரை எடுத்தவர் என்ற பேச்சுகளை நம்பி, நகையை அடகு வைத்துப் பணம் கொடுத்து, கடைசியில் விண்ணப்பமே போடப்படாமல் நின்ற குடும்பங்கள் பல என்னிடம் வந்து அழுதிருக்கின்றன.

உங்கள் தம்பிக்கு இலவச வழி இருக்கிறது. இங்கிலாந்திலுள்ள தடுப்பு நிலையங்களில், வருமானம் எதுவானாலும், முதல் 30 நிமிட ஆலோசனை சட்ட உதவி நிதியில் கிடைக்கும். நிலையத்திலுள்ள நலன் பிரிவிலோ நூலகத்திலோ அவர் பெயரைப் பதிய வேண்டும். தகுதியிருந்தால் அதே சட்டத்தரணி அந்தச் சட்ட உதவி நிதியிலேயே பிணை விண்ணப்பத்தையும் நடத்துவார். வருமானமில்லாத அவர் பண அளவில் தகுதி பெறக்கூடும். சட்டத்தரணி மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு, வேறொருவருக்கான சந்திப்பைப் பதியட்டும். பெயில் ஃபார் இமிகிரேஷன் டிடெய்னீஸ் என்ற தொண்டு நிறுவனம், தானே பிணை கேட்பவர்களுக்குக் கைநூல் தந்து உதவுகிறது, சிலருக்காகத் தீர்ப்பாயத்தில் தோன்றியும் வாதாடுகிறது. சித்திரவதைக்கு உள்ளானோருக்கான மருத்துவ அறிக்கைகளில் ஃப்ரீடம் ஃப்ரொம் டோர்ச்சர், ஹெலன் பாம்பர் ஃபவுண்டேஷன் ஆகியவற்றுக்கு நீண்ட அனுபவம் உண்டு. சட்டத்தரணி மூலம் கேட்டுப் பார்க்கலாம்.

செய்ய வேண்டிய வரிசை இது. இன்று அவரிடம் தொலைபேசியில் பேசி, நாளைக் காலையிலேயே மருத்துவப் பிரிவில் 35ஆம் விதிச் சந்திப்பை எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். அதே நடையில் நலன் பிரிவில் சட்டத்தரணிச் சந்திப்புக்குப் பெயர் பதியட்டும். இந்தக் கிழமைக்குள் நீங்கள் வீட்டுக்காரரின் கடிதத்தையும் உங்கள் ஆவணங்களையும் சேர்த்து, 2016 தஞ்ச மறுப்பு, 2018 தீர்ப்பு இரண்டின் பிரதிகளையும் பழைய சட்டத்தரணியிடமிருந்து வாங்குங்கள். கோப்பு உங்கள் தம்பியுடையது, அவர் கையெழுத்திட்ட சம்மதத்தோடு கேட்டால் கொடுப்பார்கள். அவர் மறிக்கப்பட்டபோது கொடுத்த, தடுப்புக்கான காரணங்கள் எழுதிய தாளையும், மாதந்தோறும் வரும் மீளாய்வுத் தாளையும் ஒன்றும் எறியாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

பிணை கிடைத்த பிறகு அவர் உங்கள் முகவரியிலேயே தங்க வேண்டும், கையெழுத்து வைக்கப் போக வேண்டும், வேலை செய்யக்கூடாது. கணுக்காலில் இலத்திரனியல் பட்டி அணியச் சொல்லவும்கூடும். நண்பரின் கடையில் கையுதவியாக நிற்பதையும் வேலையாகத்தான் பார்ப்பார்கள் என்பதை உங்கள் கணவரிடமும் சொல்லிவையுங்கள். உடம்புக்கு முடியாமல் கையெழுத்து வைக்கப் போக முடியாத நாள் வந்தால், அன்று காலையே அழைத்துச் சொல்லி, மருத்துவரின் கடிதத்தை வாங்கி, இரண்டின் பதிவையும் வைத்துக்கொள்ளுங்கள். வீடு மாற வேண்டி வந்தால், முதலில் முகவரி மாற்றத்துக்கு விண்ணப்பித்து, எழுத்தில் அனுமதி வந்த பிறகே மாற வேண்டும்.